தின்றதைச் சொல்லும் டி.என்.ஏ.

வறுத்த நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாலைந்து கடலை ருசியாக உள்ளே போகின்றன. அடுத்தது நாக்கில் பட்டதும் ஒரே கசப்பு! முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்புகிறீர்கள். இன்னும் இரண்டு நல்ல கடலையை வாயில் போட்டு மென்று கசப்பைப் போக்கிக்கொள்கிறீர்கள். அத்தோடு அதை மறந்தும்விடுகிறீர்கள்.

கடலை கெட்டுப்போகப் பல காரணங்கள் உண்டு. பூச்சி அரித்திருக்கலாம், எண்ணெய் காறிப்போயிருக்கலாம். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்திருக்கலாம். கசப்பதெல்லாம் நஞ்சு அன்று. நஞ்சுள்ளதெல்லாம் கசக்கும் என்பதும் இல்லை. ஆகவே சில வேளை நாம் துப்பாமலே விழுங்கிவிடுகிறோம்.

அப்படி விழுங்கிய கடலையில் பூசண நஞ்சு இருந்ததா, எவ்வளவு இருந்தது, அது உடலுக்குள் என்ன செய்தது என்று இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால் யார் பதில் சொல்வது? கடலை அப்போதே தீர்ந்துவிட்டது. விற்ற கடைக்காரர் எங்கே இருக்கிறாரோ! உங்களுக்கும் நினைவில்லை.

இது விளையாட்டுக் கேள்வி அன்று. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் சீனாவின் சில பகுதிகளிலும் கல்லீரல் புற்றுநோய் ஏன் அவ்வளவு மிகுதியாக வருகிறது என்று ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்கு இந்தக் கேள்வி பல ஆண்டுகள் தடையாக நின்றது. பதில் கடைசியில் கிடைத்தது. கிடைத்த இடம்தான் சற்று விசித்திரமானது: மனிதரின் சிறுநீரில், அவருடைய சொந்த டி.என்.ஏ.யிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்கில்!

வான்கோழிகள் மாண்ட கதை

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. நோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. பெயர் தெரியாத நோய் ஆகையால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அதை அழைத்தார்கள். துப்புத் துலக்கியபோது, பண்ணைகளில் போடப்பட்ட தீவனத்தில் வந்து நின்றது வழக்கு. தீவனத்தில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. பிண்ணாக்கில் 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்ற பூசணம் வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சுதான் குஞ்சுகளின் ஈரலை அழித்திருந்தது.

பூசணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள்: ஆஸ்பெர்ஜில்லஸின் 'அ', ஃபிளேவஸின் 'ஃப்ளா', நஞ்சைக் குறிக்கும் 'டாக்சின்'. சேர்த்தால் அஃப்ளாடாக்சின். புறஊதாக் கதிரின் கீழ் வைத்தால் இதில் ஒரு வகை நீலமாகவும் மற்றொரு வகை பச்சையாகவும் ஒளிரும். நீல வகைக்கு 'பி', பச்சை வகைக்கு 'ஜி' என்று ஆங்கில முதலெழுத்துகளைச் சூட்டினார்கள். எல்லாவற்றிலும் கொடியது 'பி-1'. நம் கதையின் வில்லன் அதுவே.

கடலைக்கு மட்டும் உரிய தொல்லை என்று நினைக்கவேண்டாம். மக்காச்சோளத்திலும் இதே பூசணம் வளரும். 1974ஆம் ஆண்டு குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டத்திலும் அதை அடுத்த ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும், அறுவடைக் காலத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் சோளக் கதிர்கள் நனைந்தன. மக்காச்சோளமே அங்குள்ள ஏழை மலைவாழ் மக்களின் அன்றாட உணவு. பூசணம் பிடித்தது என்று எறிந்துவிட்டால் வேறு என்ன உண்பது? உண்டார்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் கண்டு 397 பேர் நோயுற்றார்கள். 106 பேர் இறந்தார்கள். அதே வீட்டு உணவைத் தின்ற நாய்களும் இறந்தன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அந்த வீடுகளில் மிச்சமிருந்த சோளத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஒருவர் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சினை ஒரு மாத காலம் உண்டிருக்கவேண்டும் என்று கணக்கிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நோய் வந்தபோது குற்றவாளியான சோளம் இன்னும் வீட்டுக் குதிரில் இருந்தது. ஆகவே அளக்க முடிந்தது. ஆனால் புற்றுநோய் அப்படி உடனே வருவதில்லை. சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் நஞ்சு உள்ளே போய், அதன் பிறகும் பல ஆண்டுகள் கழித்து வருகிறது. அதற்குள் எத்தனையோ அறுவடைகள் வந்து போயிருக்கும்.

ஆளையே கேட்டால் என்ன? கேட்டுப் பார்த்தார்கள். "மாதம் எத்தனை முறை கடலை சாப்பிடுவீர்கள்? சோளக் கஞ்சி எத்தனை முறை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சந்தையில் அந்த உணவுகளை வாங்கிச் சோதித்து, இரண்டையும் பெருக்கிப் பார்த்தார்கள். இந்தக் கணக்கில் எவ்வளவு ஓட்டை என்பதை அறிய நீங்களே ஒரு சோதனை செய்யலாம். போன மாதம் எத்தனை கடலை தின்றீர்கள் என்று எழுதுங்கள். சரி, நினைவிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அவற்றில் நஞ்சுள்ளவை எத்தனை? ஒரு மூட்டையில் ஆயிரம் கடலை சுத்தமாக இருக்க, ஒரே ஒரு கடலையில் மொத்த நஞ்சும் குவிந்திருக்கலாம். அது உங்கள் பங்கில் விழுந்ததா, உங்கள் தம்பியின் பங்கில் விழுந்ததா?

ஈரல் செய்யும் பிழை

இனி உடலுக்குள் போவோம். குடலில் உறிஞ்சப்பட்ட உணவுச் சத்துகள் முதலில் கல்லீரலுக்குத்தான் போகின்றன. அஃப்ளாடாக்சினும் அவற்றோடு போய்ச் சேருகிறது. வேண்டாத பொருள்களை நீரில் கரையும்படி மாற்றி வெளியே அனுப்புவது ஈரலின் வேலைகளுள் ஒன்று. அதற்கென்று என்சைம்கள் உண்டு. சைட்டோகுரோம் பி-450 என்பது அவற்றின் குடும்பப் பெயர். வந்த பொருளோடு ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்ப்பது இவற்றின் வழக்கம். பெரும்பாலான பொருள்களுக்கு இது நல்ல வைத்தியம்.

அஃப்ளாடாக்சின் பி-1 விஷயத்தில் வைத்தியமே வினையாகிறது. ஆக்சிஜன் வந்து சேரும் இடத்தில் இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு சிறிய முக்கோணமாகப் பிணைகின்றன. இதற்கு எபாக்சைடு என்று பெயர். கார்பனின் பிணைப்புகள் இயல்பாக ஏறத்தாழ 109 பாகைக் கோணத்தில் விரிந்திருக்க விரும்புபவை என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். முக்கோணத்திலோ 60 பாகைக்கு நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. வளைத்துப் பிடித்த மூங்கிலைப்போல அது எப்போது விடுபடுவோம் என்று துடித்துக்கொண்டிருக்கும். அருகில் எது அகப்பட்டாலும் அதைப் பற்றிக்கொண்டு விரிந்துவிடும். பற்றிக்கொள்வது தண்ணீரை என்றால் தொல்லை இல்லை. டி.என்.ஏ. என்றால்?

டி.என்.ஏ. என்பது முறுக்கிய நூலேணி என்பதை அறிவீர்கள். அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்ற நான்கு காரப் பொருள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து அதன் படிகளாக அமைகின்றன. அஃப்ளாடாக்சின் மூலக்கூறு தட்டையானது. இரண்டு படிகளுக்கு இடையே ஏட்டுச் சுவடியில் ஓலை செருகுவதுபோலப் போய்ச் செருகிக்கொண்டு, பக்கத்திலுள்ள குவானினின் ஒரு நைட்ரஜன் அணுவை இறுகப் பற்றிக்கொள்கிறது. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறோமே, அதைப்போல டி.என்.ஏ.யில் ஓர் அந்நிய ஒட்டு! இந்தக் கட்டுரையில் இனி இதை 'ஒட்டு' என்றே சொல்வோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்டு வோகனும் ஜான் எசிக்மனும் அவர்களுடைய தோழர்களும் 1977இல் இந்த ஒட்டின் அமைப்பைத் துல்லியமாகக் கண்டறிந்தார்கள்.

ஒட்டு விழுந்த குவானின் நெடுநேரம் நிலைப்பதில்லை. நூலேணியோடு அதற்குள்ள பிடிப்புத் தளர்ந்து, பெரும்பகுதி ஒட்டுகள் குவானினையும் இழுத்துக்கொண்டு உதிர்ந்துவிடுகின்றன. உதிர்ந்த துணுக்கு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. உதிர்ந்த இடத்தில் ஒரு காலி இடம் மிஞ்சுகிறது. செல்லிலுள்ள பழுதுபார்க்கும் என்சைம்கள் அதைச் சரிசெய்ய ஓடி வருகின்றன. அனேகமாகச் சரிசெய்தும்விடுகின்றன. எப்போதாவது தவறும். அதைப் பிறகு பார்ப்போம்.

இலக்கில் தைத்த அம்புகள்

சிறுநீரில் வரும் அந்தத் துணுக்கின் மதிப்பு உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ஒருவர் தின்ற நஞ்சில் ஒரு பகுதி குடலோடு போய்விடுகிறது. ஒரு பகுதியை ஈரல் தீங்கில்லாமல் வெளியேற்றிவிடுகிறது. என்சைம்களின் சுறுசுறுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரே தட்டில் உண்ட இருவருக்கு ஒரே அளவு சேதம் நேரும் என்று சொல்ல முடியாது. ஒட்டை எண்ணினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எய்த அம்புகளை விட்டுவிட்டு, இலக்கில் தைத்த அம்புகளை மட்டும் எண்ணுகிறோம். ஒருவர் ஒரு நஞ்சுக்கு ஆட்பட்டிருக்கிறார் என்பதற்கு அவர் உடலே வைத்திருக்கும் இத்தகைய அடையாளத்தை 'உயிர்க்குறி' என்று சொல்லலாம்.

எண்ணுவதுதான் பெரும்பாடு. சிறுநீரில் கரைந்திருக்கும் பொருள்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றினிடையே நாம் தேடுவதோ மிகமிகச் சொற்பம். முதலில் எலிகளில் முயன்றார்கள். 1981இல் எலியின் சிறுநீரில் ஒட்டு அகப்பட்டது. 1983இல் கென்யாவின் முராங்கா மாவட்டத்து மக்களின் சிறுநீரில் அதே ஒட்டின் ஒளிர்வைக் கண்டார்கள். பிறகு ஜான் குரூப்மன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஒரு நல்ல உபாயம் செய்தார்கள். அம்மை போன்ற நோய்கள் வந்தால் நம் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறதல்லவா? அதுபோல அஃப்ளாடாக்சினை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சோதனைச்சாலையில் உண்டாக்கினார்கள். அதை ஒரு சிறு குழாயில் நிரப்பிச் சிறுநீரை அதன் வழியே ஒழுகவிட்டார்கள். மற்றவை ஓடிவிட, அஃப்ளாடாக்சின் சேர்ந்தவை மட்டும் தூண்டிலில் மாட்டிய மீனாகத் தங்கின. அவற்றைக் கழுவி எடுத்து, வகை பிரித்து அளந்தார்கள்.

அளந்தது சரிதானா? தென் சீனாவின் குவாங்ஷி பகுதியில் 30 ஆண்களும் 12 பெண்களும் இதற்கு உடன்பட்டார்கள். ஒரு வாரம் அவர்கள் உண்ட உணவில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு அஃப்ளாடாக்சின் இருந்தது என்று அளந்தார்கள். நான்காம் நாள் முதல் அவர்களுடைய சிறுநீர் முழுவதையும் 12 மணிக்கு ஒரு முறை சேகரித்தார்கள். அலுப்புத் தரும் வேலைதான்! ஆனால் விடை தெளிவாக வந்தது. உணவில் நஞ்சு மிகுந்தவர்களின் சிறுநீரில் டி.என்.ஏ. ஒட்டும் மிகுந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அஃப்ளாடாக்சினிலிருந்து வரும் வேறு சில கழிவுப் பொருள்களுக்கும் தின்ற அளவுக்கும் பொருத்தமே இல்லை. எதை வேண்டுமானாலும் அளந்துவிட்டுக் குறி என்று சொல்லிவிட முடியாது என்பதை இது காட்டியது.

உறைய வைத்த குப்பிகள்

இப்போது பெரிய சோதனைக்கு வருவோம். ஷாங்காய் நகரில் 1986 ஜனவரி முதல் 1989 செப்டம்பர் வரை 45 முதல் 64 வயதுக்குட்பட்ட 18,244 ஆண்கள் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் உணவுப் பழக்கங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, சிறிது இரத்தமும் சிறிது சிறுநீரும் வாங்கிக் குப்பிகளில் அடைத்து உறைய வைத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

நோயாளிகளையே மருத்துவமனையில் பார்த்துச் சோதித்தால் ஆகாதா, எதற்காகக் காத்திருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஈரல் நோயுற்றபின் அதன் என்சைம்களும் மாறிவிடும்; நோயாளி உண்ணும் உணவும் மாறிவிடும். அப்போது எடுக்கும் சிறுநீர் பழைய நிலையைச் சொல்லாது. நோய்க்கு முன்பே எடுத்து வைத்த குப்பிதான் நம்பத்தக்க சாட்சி.

காலம் செல்லச் செல்ல அந்த ஆண்களில் சிலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. 1992இல் முதல் முடிவு வெளியானபோது 22 பேர். 1994இல் 50 பேர். இந்த 50 பேருடைய குப்பிகளையும், வயது முதலியவற்றில் அவர்களை ஒத்த, நோய் வராத 267 பேருடைய குப்பிகளையும் வெளியே எடுத்தார்கள். ஆளிடம் கேட்டு எழுதிய உணவுக் கணக்கை முதலில் பார்த்தார்கள். நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை! அந்தக் கணக்கோடு நின்றிருந்தால் அஃப்ளாடாக்சின் குற்றமற்றது என்று தீர்ப்பாகியிருக்கும். சிறுநீர்க் குப்பிகள் வேறு கதை சொல்லின. நோய் வந்தவர்களுடைய குப்பிகளில் அஃப்ளாடாக்சினின் அடையாளங்கள் மிகுந்திருந்தன.

ஷாங்காய் ஆராய்ச்சியில் இன்னொரு குற்றவாளியையும் கூடவே விசாரித்தார்கள். ஹெபடைட்டிஸ்-பி வைரஸ் ஈரலில் குடியேறிக்கொண்டு பல ஆண்டுகள் தங்கும். அதுவும் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. இரண்டும் இல்லாத ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரில் அஃப்ளாடாக்சின் அடையாளம் மட்டும் உள்ளவருக்கு அது 3.4. வைரஸ் மட்டும் உள்ளவருக்கு 7.3. இரண்டும் உள்ளவருக்கு எவ்வளவு இருக்கும்? கூட்டிப் பாருங்கள், பெருக்கியும் பாருங்கள். பெருக்கினாலும் 25ஐத் தாண்டாது. ஆனால் அளந்து கண்டது 59.4! இரண்டும் கைகோத்தால் விளைவு அவ்வளவு கொடிது. வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழுதுபார்ப்பது எப்போதாவது தவறும் என்று முன்பு சொன்னோம். தவறினால் என்ன ஆகிறது? ஒட்டு விழுந்த குவானினை டி.என்.ஏ. நகலெடுக்கும்போது செல் தவறாகப் படித்து, நாளடைவில் அங்கே தைமினை வைத்துவிடுகிறது. ஓர் எழுத்துப் பிழை! பி-53 என்ற ஜீன், சேதமுற்ற செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காப்பது. 1991இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள், ஒன்று சீனாவின் கீடாங் வட்டாரத்திலும் மற்றது தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும், ஈரல் கட்டிகளில் இந்த ஜீனைப் படித்துப் பார்த்தன. கீடாங்கின் 16 கட்டிகளில் 8இல், ஒரே இடத்தில், 249ஆவது சொல்லின் மூன்றாம் எழுத்தில் பிழை இருந்தது. பெரும்பாலும் குவானின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின். இதனால் புரதத்தில் அர்ஜினைன் இருக்கவேண்டிய இடத்தில் செரைன் வந்துவிடுகிறது. தென் ஆப்பிரிக்கக் கட்டிகளிலும் அதே இடத்தில் அதே பிழை! ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களில் ஒரே கைரேகை பதிந்திருந்தால் போலீஸார் என்ன நினைப்பார்கள்?

ஒட்டு ஒரு குறி மட்டுமே

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே களைந்துவிட வேண்டும். சிறுநீரில் ஒட்டு இருப்பவருக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்பதில்லை. ஒட்டுகளில் மிகப் பெரும்பாலானவை பழுதுபார்க்கப்பட்டு மறைந்துபோகின்றன. ஒரு தனி மனிதரைப் பார்த்து "உமக்கு வரும், உமக்கு வராது" என்று இதைக்கொண்டு சோதிடம் சொல்ல முடியாது. சிறுநீரில் காணும் ஒட்டு, கடந்த இரண்டு மூன்று நாள்களில் உள்ளே போனதை மட்டுமே சொல்லும். நேற்று நல்ல உணவு உண்டவர் ஆண்டு முழுவதும் கெட்ட உணவு உண்டிருக்கலாம். மக்கள் கூட்டம் கூட்டமாக எவ்வளவு ஆட்பட்டிருக்கிறார்கள் என்பதற்குத்தான் இது அளவுகோல்.

நீண்ட காலக் கணக்குக்கு இன்னொரு வழி உண்டு. நஞ்சின் அதே எபாக்சைடிலிருந்து வரும் பொருள், இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்திலும் ஒட்டிக்கொள்கிறது. ஆல்புமின் வாரக்கணக்கில் இரத்தத்தில் உலாவுவதால், அந்த ஒட்டுகள் சேர்ந்துகொண்டே வரும். எலிகளில் பார்த்தபோது ஈரல் டி.என்.ஏ. ஒட்டு ஏறினால் ஆல்புமின் ஒட்டும் உடன் ஏறியது. ஆகவே சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு இரண்டு மூன்று மாதக் கணக்கைப் படிக்க முடிகிறது.

டி.என்.ஏ. சேதத்தில் வேறு வகைகளும் உண்டு. கதிரியக்கம் குரோமோசோம்களையே முறித்துவிடும். முறிந்த துண்டுகள் ஒன்றோடொன்று தவறாக இணைந்தால், மையம் ஒன்று இருக்கவேண்டிய குரோமோசோமில் இரண்டு மையங்கள் தோன்றும். நலமாக இருப்பவரின் இரத்த வெள்ளணுக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்றில்தான் இதைக் காணலாம். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவி ஒன்றிலிருந்து இரும்புக் கடை வழியே சீசியம்-137 தூள் வெளியேறியது. இருட்டில் நீலமாக மின்னிய தூளைக் கண்டு மகிழ்ந்து பலர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்ததில் 249 பேர் மீது தூள் பட்டிருந்தது தெரிந்தது, நால்வர் இறந்தார்கள். அளவு காட்டும் கருவி அணிந்திருந்தவர் ஒருவரும் இல்லை. யார் எவ்வளவு கதிர் பட்டவர் என்பதை வெள்ளணுக்களில் இந்த இரட்டை மையங்களை எண்ணித்தான் மதிப்பிட்டார்கள். அங்கே உடலே கருவியாயிற்று.

கடலைக்கே திரும்புவோம். அளவுகோல் கைக்கு வந்துவிட்டால் நோயின் காரணத்தைத் தேடுவதோடு வேலை நிற்காது. பரிகாரம் பலிக்கிறதா என்றும் பார்க்கலாம். புற்றுநோய் குறைகிறதா என்று பார்க்க இருபது முப்பது ஆண்டு காத்திருக்கவேண்டும்; ஒட்டு குறைகிறதா என்று சில வாரங்களிலேயே பார்த்துவிடலாம்.

யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தில், ஷாங்காய்க்கு எதிர்க்கரையில் உள்ளது மேலே சொன்ன கீடாங். அங்கே 1997இல் 180 பேர் நான்கு மாதம் ஒரு சோதனைக்கு உட்பட்டார்கள். ஒரு பாதியினர் குளோரோஃபிலின் என்ற, இலைப்பச்சையிலிருந்து செய்த பொருளை நாளைக்கு மூன்று வேளை 100 மில்லிகிராம் வீதம் சாப்பிட்டார்கள். மறு பாதியினருக்கு அதேபோன்ற வெறும் மாத்திரை. குளோரோஃபிலின் குடலிலேயே அஃப்ளாடாக்சினைப் பற்றிக்கொண்டு உள்ளே விடாமல் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. உண்டவர்களின் சிறுநீரில் டி.என்.ஏ. ஒட்டு 55 சதவீதம் குறைந்திருந்தது.

மாத்திரையைவிடப் பெரிய மாற்றம் அதே கீடாங்கில் வேறொரு வழியில் நடந்தது. 1980களில் வேளாண்மைக் கொள்கை மாறியது. மக்காச்சோளம் உண்டவர்கள் அரிசிக்கு மாறினார்கள். 1989இல் எடுத்து வைத்திருந்த இரத்தத்தில் ஒரு மில்லிகிராம் ஆல்புமினுக்கு நடுமதிப்பாக 19.3 பிக்கோகிராம் ஒட்டு இருந்தது. (ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம்.) 2009இல் எடுத்த இரத்தத்தில் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. 1960களிலும் 1980களிலும் பிறந்தவர்களை ஒப்பிட்டபோது, 35 வயதுக்குள் ஈரல் புற்றுநோயால் இறப்பது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வைரஸ் தடுப்பூசியின் பலன் இது என்று சொல்லவும் இடமில்லை. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடும் திட்டம் வருவதற்கு முன்பே இவர்கள் பிறந்துவிட்டார்கள்.

எல்லோராலும் சோளத்திலிருந்து அரிசிக்கு மாறிவிட முடியுமா? நிலக்கடலையே பயிராகவும் உணவாகவும் உள்ள மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், கிண்டியா பகுதியில் 20 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்துக் கிராமங்களில் வழக்கம் மாறவில்லை. மற்றப் பத்தில் உழவர்களுக்குச் சில எளிய முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பூசணம் பிடித்ததையும் உடைந்ததையும் கையால் பொறுக்கி எறிவது, வெறுந்தரையில் உலர்த்தாமல் பாய் விரித்து உலர்த்துவது, நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்தபின் காற்றோட்டமுள்ள சணல் சாக்கில் கட்டுவது, சாக்கைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது, பூச்சி அரிக்காமல் மருந்து தூவுவது. நம் ஊர்க் களத்து மேட்டில் பாட்டிமார் சொல்லும் யோசனைகள் போலத்தான் இருக்கின்றன, இல்லையா? (வறுத்தாலோ வேகவைத்தாலோ அஃப்ளாடாக்சின் அழிந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது, சாதாரணச் சமையல் சூட்டை அது தாங்கும். ஆகவே பூசணம் வராமல் தடுப்பதே வழி.)

அறுவடையின்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஐந்து மாதம் கழித்து ஒரு முறை என்று 600 பேருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். கடலையைச் சேமித்து வைத்து உண்ணும் காலம் அது; நாள் ஆக ஆகப் பூசணம் பெருகும். வழக்கம் மாறாத கிராமங்களில் ஆல்புமின் ஒட்டின் சராசரி 5.5 பிக்கோகிராமிலிருந்து ஐந்தாம் மாதம் 18.7 ஆக ஏறிவிட்டது. கற்றுக்கொண்ட கிராமங்களில் 7.2 ஆக இருந்தது 8.0 ஆயிற்று. (கீடாங்கின் எண்களோடு இவற்றை ஒப்பிட்டுவிடாதீர்கள். அங்கே அளந்த முறை வேறு, இங்கே வேறு.) இந்த முடிவு 2005இல் வெளியாயிற்று.